செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்திவிட்டாலே தட்டுப்பாடு தீர்ந்துவிடாதா, நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டும் என்று தனியாகப் பேசுகிறார்களே, அது நடைமுறையில் என்ன வேலை, யார் செய்ய வேண்டிய வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் பல ஆண்டுகள் மட்டம் பார்த்துத் திரிந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தூர்வாருவது தேவைதான். ஆனால் ஏரி என்பது தண்ணீர் தங்கும் இடம் மட்டுமே. தண்ணீர் உண்டாகும் இடம் ஏரிக்கு மேலே, நகரத்தின் கண்ணுக்குப் படாத கிராமங்களில் இருக்கிறது. அந்த நிலத்தைக் கவனிக்காமல் ஏரியை மட்டும் தோண்டுவது, வரும்படியைப் பற்றி யோசிக்காமல் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போவது போன்றது.

முதலில் கொள்ளளவைப் பார்த்துவிடுவோம். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020-இல் சேர்ந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500 என்று ஐந்தும் சேர்ந்து 11,757 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 11.75 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் முழுமையாக நிரம்பியிருக்கும் ஒரு நாளிலிருந்து, வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழிக்காமல், பதினோரு மாதத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. ஆக, இருக்கிற கொள்ளளவே ஏறக்குறைய ஓராண்டுக்குப் போதும். 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம் கூட இல்லாமல் போய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்ததே, அன்று ஏரிகளில் இடம் இல்லாமல் போகவில்லை. இடம் இருந்தது, அதில் தண்ணீர்தான் இல்லை. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைவாகப் பெய்கிற ஆண்டில்தான், பெய்த கொஞ்ச நீரை நிலம் எவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது ஊரின் தலைவிதியாகிறது.

தூர்வாருவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து தண்ணீர் மதகு வழியாகத்தான் தானாக வெளியேறும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும், அங்கே நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு, ஏரியின் அடியில் காலங்காலமாகப் படிந்த களி, தண்ணீரைக் கீழே விடாமல் தாங்கும் ஒரு பூச்சு. எங்கே எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று மட்டம் எடுக்காமல், சவுடு மண்ணுக்கு விலை கிடைக்கிறது என்பதற்காக ஒரே மூலையில் இருபது அடிக்குத் தோண்டப்பட்ட ஏரிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கொள்ளளவு கூடியதாகக் காகிதத்தில் இருக்கும், ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பவே முதல் இரண்டு மழை போய்விடும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கரையில் நின்று பார்த்தால் வானத்திலிருந்து நேரே விழுந்தது போல அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு. ஆனால் அது ஒரு நீண்ட சங்கிலியின் கீழ்க்கண்ணி. பாலாற்றின் வெள்ளத்தில் ஒரு பங்கு கம்பன் கால்வாய் வழியாக வழியெங்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இறங்குகிறது. கூவத்தின் குறுக்கே கொரட்டூர் அணைக்கட்டில் திருப்பப்படும் நீர் பங்காரு கால்வாய் வழியாக இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. இவை இரண்டும் பெயர் தெரிந்த கால்வாய்கள். பெயர் தெரியாத சிறு ஓடைகளும் வயல்வெளி வழிநீரும் இன்னும் எத்தனையோ திசைகளிலிருந்து வந்து சேர்கின்றன. பூண்டியின் கதையும் இப்படித்தான். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து சேரும் கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாறும் கூவமும் பிரிகின்றன. கொசஸ்தலையாற்றில் ஆந்திர மலைகளிலிருந்து இறங்கும் நகரி ஆறும் நந்தி ஆறும் சேர்ந்த பிறகுதான் அது பூண்டிக்கு வருகிறது. 1983-இல் ஆந்திரத்துடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அங்குள்ள கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் 1996 முதல் அதே பூண்டியில்தான் வந்து விழுகிறது. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, அங்கிருந்து சோழவரம், அங்கிருந்து புழல். இந்தத் தடத்தில் புழல் ஏரியிலிருந்து 1872 முதல் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, உயர்ந்த மலை கிடையாது, மழையோ பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையை மெல்லிய சரிவில் படிப்படியாக நிறுத்துவதற்காக ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏரி கட்டினார்கள். மேலே உள்ளதன் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் வழி, வழிந்தால் கீழே உள்ளதற்கு வரத்து. பேரேரிக்கும் ஓடைக்கும் நடுவே தாங்கல்கள் எனப்படும் சின்னச் சின்ன நீர்த்தேக்கங்கள். அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று இன்று பேருந்து நிறுத்தங்களாக மட்டும் நமக்குத் தெரிகிற பெயர்களில் அந்தத் தாங்கல்கள்தான் இருக்கின்றன. இந்த அமைப்பில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்பது வேலி போட்டுப் பூட்டிவைக்கக்கூடிய காடு அன்று. வயல், மேய்க்கால், தோப்பு, ஓடைப் புறம்போக்கு, ஊர், சாலை, இப்போது தொழிற்பேட்டை, மனைப்பிரிவு என எல்லாம் கலந்து கிடக்கும், மனிதர்கள் வாழ்கிற நிலம். நம் சிக்கலும் அதுதான், தீர்வு கிடைக்க வேண்டிய இடமும் அதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். மேலே உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகள் நிரம்பிய பிறகுதானே கீழே உள்ள செம்பரம்பாக்கத்துக்கு வரும், அப்படியானால் வறண்ட ஆண்டில் அந்த ஏரிகள் நகரத்தின் தண்ணீரைத் தடுப்பவை அல்லவா? சில பொறியாளர்களே இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். வறண்ட ஆண்டில் மேலேரிகள் தமக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. அது அந்தக் கிராமங்களின் உரிமை, நகரம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள உரிமை. ஆனால் அந்த ஏரிகள் நகரத்துக்குச் செய்யும் மூன்று வேலைகளை மறந்துவிடக் கூடாது. மேலிருந்து அடித்துவரும் மண்ணை முதலில் அவை வாங்கிக்கொள்வதால்தான் கீழே உள்ள ஏரி இன்னும் மேடாகாமல் இருக்கிறது. அவற்றில் நின்று ஊறும் நீர் நிலத்தடியில் மெல்ல நகர்ந்து, மழை நின்ற பிறகும் ஓடைகளில் கசிந்து வருகிறது. மூன்றாவதாக, ஒரே இரவில் கொட்டும் பெருமழையை அவை படிப்படியாகத் தாமதப்படுத்துகின்றன. இந்த மூன்றாவது வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2015 நமக்குக் காட்டியது.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது. திறப்பு நொடிக்கு 29,000 கன அடி வரை போனது. அணையைத் திறந்த நேரம் சரியா தவறா என்ற விவாதம் நிறைய நடந்துவிட்டது. அது தேவையான விவாதம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஏரிக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். அந்த நிலம் வரப்பு கட்டிய வயலாக இருந்தால் ஒரு பகுதி வரப்புக்குள் நிற்கும், ஒரு பகுதி ஊறும், மீதி மறுநாள், அதற்கு மறுநாள் என்று மெல்ல இறங்கும். அதே நிலம் தகரக்கூரையும் கான்கிரீட் தளமும் தார்ச்சாலையுமாக மாறியிருந்தால் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் கால்வாய்க்கு வந்துவிடும். ஏரியை இயக்கும் பொறியாளருக்கு இது இரட்டைக் கஷ்டம். பருவத்தின் கடைசியில் ஏரியை முழுமையாக வைத்திருந்தால்தான் கோடைக்குத் தண்ணீர், ஆனால் முழுமையாக வைத்திருந்தால் அடுத்த பெருமழை நேரே அடையாற்றில் இறங்கிவிடும். 24 அடி ஏரியில் இரண்டு அடியை வெள்ளத்துக்காகக் காலியாக வைக்க வேண்டியிருக்கிறது என்றால், மேலே உள்ள நிலம் இழந்துவிட்ட தாங்குதிறனைக் குடிநீர் ஏரி தன் கொள்ளளவிலிருந்து ஈடுகட்டுகிறது என்று பொருள். வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில் இருக்கலாம், நிலத்தில் இரண்டும் ஒரே நோய்.

அந்த நோய் எப்படி நேர்கிறது என்பதை ஒரு சின்ன இடத்தில் வைத்துச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு வரத்துக்காலை, அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, அதன் தலைப்பிலிருந்து ஏரிவரை நடந்து பார்த்தோம். உடன் வந்தவர் அந்த ஊரின் பழைய நீர்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்து அடைத்துப் பகிர்ந்து கொடுத்தவர், எழுபதைக் கடந்தவர். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பாதி தூரம் கால்வாயில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதன் பிறகு ஓர் உட்சாலையின் குறுக்கே சிறுபாலம் வந்தது. அதற்கு மேற்கே தண்ணீர் தேங்கிப் பக்கத்து நிலத்தில் பரவி நிற்க, கிழக்கே கால்வாய் காய்ந்து கிடந்தது. ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை, குப்பைகூட அதிகம் இல்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பாலத்தின் அடித்தளக் கான்கிரீட் கால்வாயின் தரைமட்டத்தைவிட முக்கால் அடி உயரத்தில் போடப்பட்டிருந்தது. "ஓட்டமே அடி சாண் வாட்டத்துலதான் சார். இத முக்கா அடி ஒசத்திட்டா அப்புறம் எங்க போவும்?" என்றார் அவர். இந்த நிலப்பகுதியில் சரிவு அவ்வளவு மெல்லியது. கிலோமீட்டருக்கு ஓரடிகூட இறங்காத கால்வாய்கள் உண்டு. அங்கே முக்கால் அடி என்பது ஓர் அணை. அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் ஏரியை அழிக்க நினைத்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் சாலையின் மட்டம் இருந்தது, கால்வாயின் மட்டம் இல்லை. அந்த ஏரி அந்த ஆண்டு நிரம்பவில்லை. அது வழியாததால் அதற்குக் கீழே இருந்த இரண்டு ஏரிகளுக்கும் வரத்து இல்லை.

ஏரிக்குள் வீடு கட்டினால் செய்தியாகிறது, வழக்காகிறது. வரத்துக்கால் அடைபடுவது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. ஆனால் என் அனுபவத்தில், ஏரிகள் செத்ததற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டாவதுதான். கால்வாய் என்பது வரைபடத்தில் ஒரு மெல்லிய இரட்டைக்கோடு. இருபுறமும் பட்டா நிலத்தை வாங்கி மனை போடுகிறவர் நடுவே ஓடும் அந்தக் கோட்டைச் சமன்செய்து உள்சாலையாகக் காட்டிவிடுவார், அல்லது வளைத்து ஓரமாகத் தள்ளி இரண்டடிக் குழாயாகச் சுருக்கிவிடுவார். வாங்குகிறவருக்கு அது தெரியாது. பத்தாண்டு கழித்து மழையில் தன் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போதுதான் தான் ஓடையின் மேல் படுத்திருப்பது அவருக்குத் தெரியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. ஆனால் அது அன்று பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. சங்கிலியின் மேற்கண்ணிகள் பெரும்பாலும் அந்தச் சிற்றேரிகளும் தாங்கல்களும்தான். நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது என்று 1989-இல் அரசாணை வந்தது. 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ தனியாகக் குறித்துக் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. புழல் இன்றும் ஓரளவு பிழைத்திருப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அன்றைய பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டர்தான். பூண்டி அதற்கு வெளியே இருந்தது. நகரம் குடிக்கும் தண்ணீர் உண்டாகிற நிலத்தில் பெரும்பகுதியின் மேல் நகரத்தின் திட்டத்துக்குச் சொல்லே இல்லாத நிலை. 2022-இல் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது எனக்கு அச்சமும் நம்பிக்கையும் ஒன்றாக வந்தன. அந்த நிலமெல்லாம் இனி மனை நிலமாகத்தான் பார்க்கப்படுமோ என்பது அச்சம். முதல் முறையாக ஏரிச்சங்கிலிகள் முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைத்து, எந்தக் கால்வாயின் இருபுறமும் எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று சட்டபூர்வமாகக் குறிக்க வாய்ப்பு வந்திருக்கிறதே என்பது நம்பிக்கை.

அந்த வாய்ப்புக்கு முன்னால் இப்போது நிற்கும் பெரிய சோதனை பரந்தூர். 2022-இல் அறிவிக்கப்பட்ட புதிய விமான நிலையத்துக்கான இடத்துக்குள் ஏரிகளும் நன்செய் நிலங்களும் இருக்கின்றன. மேலே சொன்ன கம்பன் கால்வாயும் அதன் ஊடே செல்கிறது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் பல நியாயங்கள் இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. கால்வாயைச் சுற்றிவிட்டுத் திருப்பிவிடுவோம் என்று சொல்லப்படும்போது மட்டும் எனக்கு அந்த முக்கால் அடிப் பாலம் நினைவுக்கு வருகிறது. வளைத்து விட்ட கால்வாய் நேர்க்கால்வாயைவிட நீளமானது. நீளம் கூடினால் அதே இறக்கத்தைக் கூடுதல் தொலைவுக்குப் பகிர வேண்டும். ஏற்கெனவே வாட்டம் இல்லாத மண்ணில் அது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. இழக்கப்போகும் ஏரிகளின் கொள்ளளவுக்கு ஈடாக வேறிடத்தில் குளம் வெட்டலாம். ஆனால் அந்தக் குளத்துக்கு வரத்து எது, அதன் கலங்கல் எதில் போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாவிட்டால் அது வெறும் பள்ளம்.

இதுவரை பேசியது தண்ணீரின் அளவைப் பற்றி. தரத்தைப் பற்றிய அச்சம் எனக்கு இதைவிட அதிகம், ஏனென்றால் அளவு குறைந்தால் எல்லோருக்கும் தெரிகிறது, தரம் கெடுவது மெல்ல நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைகளும் அவற்றைச் சுற்றி வளர்ந்த ஊர்களும் இருப்பது செம்பரம்பாக்கத்துக்கு நீர் வரும் பாதையில். புழலுக்கு ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம். இங்கெல்லாம் வீடுகள் வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சும் லாரி, சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் என்பதால் இரவில் ஏதாவது ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போகிறது. மழையில்லாத மாதங்களில் ஓடையில் சேர்ந்ததெல்லாம் முதல் மழையில் ஒன்றாக ஏரிக்கு வருகிறது.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பார்கள். செம்பரம்பாக்கத்தில் உள்ளது நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம், நல்ல நிலையம். படிகாரம் இட்டு நீரில் கலங்கியிருக்கும் மண்ணைத் திரட்டிப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் இடும் முறை சேற்றையும் கிருமியையும் நீக்குவதற்கானது. கரைந்திருக்கும் உப்புகளை அது நீக்காது. சாக்கடையிலும் உரத்திலும் இருக்கும் பாஸ்பரஸ் ஏரியில் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகும், ஆகாயத்தாமரை மூடும், தண்ணீரில் மண்வாடை வரும். கரிமப்பொருள் மிகுந்த நீரில் குளோரினைக் கூட்டினால் டிரைஹாலோமீத்தேன் என்ற வேறொரு வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன, அவை உடலுக்கு நல்லவை அல்ல. மேலே ஒரு ஊரின் சாக்கடையை நிறுத்துவது, கீழே ஒரு கோடிப் பேருக்கான தண்ணீரை ஒவ்வொரு நாளும் கூடுதலாகச் சுத்தம் செய்வதைவிடக் குறைந்த செலவு. இதை நான் நம்பிக்கையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நகரம் நியூயார்க். அதன் குடிநீரில் பெரும்பகுதி 125 மைல் தொலைவு வரை பரந்துள்ள கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. 1990-களில் மத்திய அரசின் புதிய விதிகளின்படி வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டிய நிலை வந்தது. பல நூறு கோடி டாலர் செலவாகும் என்று தெரிந்தபோது, நகரம் அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மேலே உள்ள நிலத்தில் செலவிட முடிவுசெய்தது. 1997-இல் நகரமும் மாநில அரசும் அந்த மலைக்கிராமங்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் நிலம் வாங்குவது, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளை நகரத்தின் செலவில் சரிசெய்வது, பண்ணைகளில் சாணக்கழிவு ஓடையில் சேராமல் இருக்க விவசாயிகளுக்குப் பணமும் ஆலோசனையும் தருவது என்பவை அதன் சாரம். அந்த மலைநீர் பெரும்பாலும் வடிகட்டப்படாமலேயே இன்றும் நகரத்துக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னோ இன்னொரு வழியில் போனது. தன் நீர்ப்பிடிப்புக் காடுகளுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று பூட்டிவைத்தது.

மெல்போர்ன் வழி நமக்குப் பொருந்தாது. இங்கே மேலே இருக்கும் ஊர்கள் நகரத்தைவிடப் பழையவை. அவர்களை வெளியேற்றித் தண்ணீர் குடிக்கும் உரிமை சென்னைக்கு இல்லை. நியூயார்க்கின் மலையும் பனியும் நமக்கில்லை, ஆனாலும் அதன் அடிப்படை நமக்கு அப்படியே பொருந்தும். கீழே குடிப்பவர் மேலே காப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பூண்டிக்கு மேலே உள்ள ஓர் ஊராட்சி தன் சிற்றேரியைப் பராமரித்து, ஓடைப் புறம்போக்கைக் காத்து, நன்செய் நிலத்தை மனையாக்காமல் வைத்திருந்தால் அதன் பலன் புழலில் தெரிகிறது. ஆனால் அந்த ஊராட்சிக்கு அதனால் ஒரு ரூபாய் கிடைப்பதில்லை, மனையாக்கினால் பணம் கிடைக்கிறது. இந்தத் தராசை அப்படியே விட்டுவிட்டு அதிகாரியையும் போலீசையும் வைத்து எவ்வளவு காலம் காக்க முடியும்? குடிநீர் வாரியம் வாங்கும் வரியிலும் கட்டணத்திலும் ஒரு சிறு பங்கை, சங்கிலியில் உள்ள ஊராட்சிகளுக்கு, அவற்றின் கால்வாய்கள் ஆண்டுதோறும் அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நகரத்தின் கழிவுநீர்த் திட்டம் நகரத்தின் எல்லையில் நிற்காமல், நீர்வழியில் உள்ள ஊர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது.

யார் செய்ய வேண்டும் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம், சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம், நிலப்பதிவேடு வருவாய்த் துறையிடம், மனை அனுமதி சிஎம்டிஏவிடமும் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும், மாசு வேறொரு வாரியத்திடம், தண்ணீரை எடுத்து வழங்குவது 1978-இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திடம். பூண்டியின் மேற்பகுதியோ இன்னொரு மாநிலத்தில். 2023-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே ஆந்திரம் புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட முனைந்தபோது தமிழ்நாடு அரசு எதிர்த்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இத்தனை கைகளுக்கு மேலே இன்னொரு புதிய ஆணையம் அமைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு வரைபடமும் ஒரே ஒரு அதிகாரமும் போதும் என்று நினைக்கிறேன். வரைபடம் என்றால் ஒவ்வொரு கால்வாயின் தரைமட்டம், ஒவ்வொரு கலங்கலின் மட்டம், ஒவ்வொரு மதகின் மட்டம் ஆகியவை கடல்மட்டத்திலிருந்து அளந்து குறிக்கப்பட்ட வரைபடம், பொதுமக்கள் பார்க்கக்கூடியது. அதிகாரம் என்றால், அந்தக் கால்வாயைக் கடக்கும் எந்தச் சாலையோ மனைப்பிரிவோ, வரைபடத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு, கட்டி முடித்த பிறகும் மட்டம் பார்த்துச் சான்று பெற்றால்தான் பயன்பாட்டுக்கு வரலாம் என்று நிறுத்திவைக்கும் அதிகாரம். இப்போதும் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. கட்டியது அதன்படி இருக்கிறதா என்று திரும்பி வந்து பார்ப்பவர்தான் இல்லை.

அந்த நீர்கட்டியிடம் விடைபெறும்போது அவர் தம் ஊர்க் கலங்கலைக் காட்டினார். கலங்கலின் மேல் இடுப்பளவுக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. பருவத்தின் தொடக்கத்தில் கற்களின் இடைவெளி திறந்தே கிடக்குமாம், வெள்ளம் தாராளமாகப் போகும். கார்த்திகை கழிந்து இனிப் பெருமழை இல்லை என்று தெரிந்த பிறகு, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அந்த இடைவெளிகளை அடைத்து, கடைசித் தண்ணீரை இன்னும் ஓரடி உயரத்துக்கு நிறுத்துவார்களாம். எந்த நாளில் அடைப்பது என்பதைக் கீழேரிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்களாம். செம்பரம்பாக்கத்தில் இன்று 22 அடியா 24 அடியா என்று நாம் பேசும் அதே கேள்விக்கு அந்த ஊர் கல்லையும் களிமண்ணையும் வைத்து விடை கண்டிருக்கிறது.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. இந்த ஏரிகளின் மேற்புறத்தில் எங்காவது இருந்தால், உங்களால் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வருவாய்த் துறையின் இணையச்சேவையில் உங்கள் கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டுத் தகவலையும், ஒவ்வொரு நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்கலாம். அதில் வாய்க்கால், ஓடை, ஏரி என்று வகைப்படுத்தப்பட்ட புல எண்களைக் குறித்துக்கொண்டு, செப்டம்பரில் கால்நடையாகப் போய்ப் பாருங்கள். சிறுபாலம் உள்ள இடத்தில் எல்லாம் குனிந்து, அதன் தரையும் கால்வாயின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒரு குச்சியை வைத்து அளந்து, புல எண்ணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனுவாகக் கொடுத்து, ஒரு நகலை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். ஒரு சிறுபாலத்தின் தரையை உடைத்து முக்கால் அடி இறக்க, அதற்கு நடுவில் இருக்கும் பதினெட்டு நாள் தாராளமாகப் போதும்.